போரின் வரலாறும் பொது நூலகமும்

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடையே, இராமேசுவரம் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த கடற்கரைச் சிற்றூர் அக்காள்மடம். சேது யாத்திரை மேற்கொண்டோர் தங்கி இளைப்பாறிய மடங்களின் நினைவை இவ்விரு மடத்து ஊர்களின் பெயர்களும் இன்றளவும் சுமந்து நிற்கின்றன. வருவோர் வாயிலாகவும் போவோர் வாயிலாகவும் உலகச் செய்தியை அறிந்த தீவு இது. அமெரிக்காவில் சொற்பெருக்காற்றித் திரும்பிய விவேகானந்தர், கொழும்பும் யாழ்ப்பாணமும் கண்டு, 1897 ஜனவரி 26ஆம் நாள் கரையிறங்கியது பாம்பனில்தான். பாஸ்கர சேதுபதி அவரை எதிர்கொண்டு வரவேற்றார்.

எனினும் அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரை இக்கரையின் நூலகத்தில் அமர்ந்து படிப்பதனால் ஆகும் பயன் யாது என்னும் வினா எழுவது இயல்பே. அதற்கு விடை இரண்டு. அப்போர் இராமநாதபுரச் சீமையின் கரிசல் காட்டைத் தொட்டது. ஆகவே அது இம்மண்ணின் வரலாற்றிலும் ஓர் ஏடு. அடுத்து, பாக்கு நீரிணைக்கு அப்பால் நடந்த மற்றோர் உள்நாட்டுப் போரின் துயரம் இக்கரையில் வந்து இறங்கியது. போர் முடிந்தபின் அதன் வரலாற்றை ஒரு சமுதாயம் எங்கே, எவ்வாறு கூடிப் படிப்பது என்பதற்கு அமெரிக்கப் பொது நூலகங்கள் பட்ட பாடும் பெற்ற தெளிவும் நல்ல எடுத்துக்காட்டாகும்.

போரும் அதன் பெயரும்

1860இல் ஆபிரகாம் லிங்கன் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதை அடுத்து அமெரிக்கத் தென்மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஐக்கியத்திலிருந்து விலகின. விலகிய மாநிலங்கள் பதினொன்று. 1861 ஏப்ரல் 12ஆம் நாள் சார்ல்ஸ்டன் துறைமுகத்துச் சம்ட்டர் கோட்டையின் மீது பீரங்கி முழங்கியது. 1865 ஏப்ரலில் தென்னகப் படைத்தலைவர் ராபர்ட் லீ சரணடைந்தார். இடைப்பட்ட நான்காண்டுகளில் மாண்டோர் 6,20,000 பேர் என்பது நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த கணக்கு. 7,50,000 வரை இருக்கலாம் என்பது 2011இல் வெளிவந்த ஆய்வின் முடிவு.

போருக்கு வேர் அடிமை முறையே. ஏறத்தாழ நாற்பது இலட்சம் கறுப்பின மக்கள் அன்று தென்னகத்தில் அடிமைகளாக இருந்தனர். 1863 ஜனவரி 1ஆம் நாள் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்தது. 1865 டிசம்பரில் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஆயினும் போர் முடிந்த ஒரு தலைமுறைக்குள் தென்னகத்தில் வேறொரு வரலாறு எழுதப்பட்டது. மாநில உரிமைக்காகவே போரிட்டதாகவும், அடிமைகள் மனநிறைவோடு வாழ்ந்ததாகவும் நூல்கள் பெருகின. போரின் பெயரையே மாற்றி, 'மாநிலங்களுக்கிடையேயான போர்' என வழங்கலாயினர்.

இந்தப் பூசல் நூலகத்தின் அலமாரி வரை சென்றது. 1894இல் அமைந்த தென்னகப் பெண்டிர் சங்கத்தின் வரலாற்றாளராக விளங்கிய மில்ட்ரட் ரதர்ஃபோர்ட், முதல் உலகப் போர் முடிந்த காலத்தை ஒட்டி ஒரு சிறு வெளியீட்டைக் கொண்டுவந்தார். பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நூலகங்களிலும் எந்த நூலை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதற்கு அது ஓர் அளவுகோல். தென்னகத்துக்கு நீதி செய்யாதது என்று முகப்பில் குறித்து வைக்குமாறு நூலகர்களை அது கேட்டுக்கொண்டது. களத்தில் தோற்றவர்கள் வாசகசாலையில் வெல்ல முயன்றனர் எனலாம்.

கரிசல் காடும் லிவர்பூல் சந்தையும்

அமெரிக்கப் போர் தமிழ் மண்ணைத் தொட்ட கதை பருத்தியின் கதையாகும். போருக்கு முன் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குச் சென்ற பஞ்சில் ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்கத் தென்னகத்தில் விளைந்தது. வட அரசின் கடற்படை தென்னகத் துறைமுகங்களை முற்றுகையிட்டதும் அந்த வரத்து நின்றது. 1862இன் இறுதியில் லங்காஷயர் வட்டாரத்தில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் நிவாரணத்தை நம்பி வாழ்ந்தனர். ஆலை முதலாளிகளின் பார்வை இந்தியாவின் மீது திரும்பியது.

அப்பார்வை புதியதன்று. 1840களிலேயே கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கத் தோட்டக்காரர்களை வரவழைத்துப் பருத்திச் சாகுபடியைக் கற்பிக்க முயன்றது. கோயம்புத்தூரில் தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட்டின் மேற்பார்வையில் சோதனைப் பண்ணைகள் நடந்தன. அமெரிக்க விதை இங்கு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. போர் மூண்ட பின்னர், பழைய அறிக்கைகளையெல்லாம் தொகுத்து, சென்னை மாகாணத்துப் பருத்திச் சாகுபடி பற்றிய கையேடு ஒன்றை டால்பாய்ஸ் வீலர் வெளியிட்டார். எங்கோ நிகழ்ந்த போர், இங்குள்ள உழவனின் நிலத்தைப் பற்றிய நூல் ஒன்றை அச்சேற்றியது.

கோவில்பட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, விருதுபட்டி, கமுதி என விரிந்து கிடக்கும் கரிசல் நிலத்தின் பருத்தி, ஆங்கில வணிகரிடையே 'திருநெல்வேலிப் பருத்தி' என்றே பெயர் பெற்றிருந்தது. அதன் வாயில் தூத்துக்குடித் துறைமுகம். தூத்துக்குடிக்கு இரயில் வந்தது 1876இல்தான். ஆகவே போர்க்காலத்துப் பஞ்சு முழுதும் வண்டிப் பாரமாகவே கடற்கரை சேர்ந்தது. லிவர்பூலில் அமெரிக்கப் பஞ்சின் விலை 1860இல் இருந்ததைப் போல் 1864இல் நான்கு மடங்கைத் தாண்டியது. அதைத் தொடர்ந்து இந்தியப் பஞ்சின் விலையும் ஏறியது. புன்செய்க் காட்டில் பருத்தியின் பரப்பு கூடியது. பணம் கைமாறியது.

இந்த ஏற்றத்தின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். பஞ்சு கப்பலேறிப் போனதால் உள்ளூர் நூலின் விலை உயர்ந்தது. கைத்தறி நெசவாளர் துன்புற்றனர். விளைவித்தவருக்கு விலை, நெய்தவருக்கோ பட்டினி. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. ஏறிய விலையை நம்பிக் கடன் பட்டவர் சிக்கிக்கொண்டனர். நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தின் முற்றுகையும் பரமக்குடித் தறிக்காரரின் அடுப்பும் ஒரே நூலால் கட்டப்பட்டிருந்தன என்பதை இன்றைய வாசகர் அறிதல் வேண்டும். ஆனால், அந்நாளைய நெசவாளரின் சொல்லாக எஞ்சியது மிகக் குறைவே. வணிகரின் கணக்கும் ஆட்சியரின் அறிக்கையுமே அந்நாளைப் பற்றிப் பெரிதும் பேசுகின்றன.

பஞ்சுப் பணத்தில் எழுந்த நூலகம்

அமெரிக்கப் போருக்கும் இந்திய நூலகத்துக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. போர்க்காலத்துப் பஞ்சு வணிகத்தில் பம்பாய் பெருஞ்செல்வம் குவித்தது. அச்செல்வத்தின் தலைமகனாக விளங்கியவர் பிரேம்சந்த் ராய்சந்த். பம்பாய்ப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நூலகம் அமைக்க 1864இல் இரண்டு இலட்சம் ரூபாயும், அதனோடு ஒரு மணிக்கூண்டு எழுப்ப மேலும் இரண்டு இலட்சம் ரூபாயும் அவர் வழங்கினார். மணிக்கூண்டு அவருடைய தாயார் ராஜாபாயின் பெயரைத் தாங்கியது. 1865இல் போர் ஓய்ந்ததும் பம்பாயின் பங்குச் சந்தை நொறுங்கியது, பிரேம்சந்தும் வீழ்ந்தார். ஆனால் நன்கொடை நிலைத்தது. ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் வரைந்த அக்கட்டடம் 1878இல் நிறைவெய்தி இன்றும் நிற்கின்றது.

தென்கோடியிலும் பஞ்சு வணிகம் கல்வியாகக் கனிந்தது. இராமநாதபுரச் சீமையின் வணிக ஊர்களில் நாடார் உறவின்முறையினர் தாம் விற்கும் சரக்கின் மீது மகமை பிரித்துப் பொதுநிதி திரட்டினர். பஞ்சும் அச்சரக்குகளுள் ஒன்று. அந்நிதியிலிருந்தே அருப்புக்கோட்டையில் 1885இலும், விருதுபட்டியில் 1889இலும் பள்ளிகள் எழுந்தன. விருதுபட்டியின் சத்திரிய வித்தியாசாலையில் பயின்றவரே பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சராகிய காமராசர். போர்க்காலத்து விலையேற்றம் ஒன்றே இதற்குக் காரணம் என்று கூறுதல் மிகையாகும். எனினும் உலகச் சந்தையோடு கரிசல் பருத்தியை இறுகப் பிணைத்த காலம் அதுவே.

பூட்டிய கதவுகள்

அமெரிக்காவில் பொது நூலகம் ஊர்தோறும் பெருகியது போருக்குப் பிந்தைய அரை நூற்றாண்டில். இளமையில், போரின் தொடக்கத்தில், வட அரசின் இரயில் மற்றும் தந்திப் பணியில் உழைத்த ஆண்ட்ரூ கார்னெகி, பின்னர் இரும்பாலைச் செல்வத்தைக் கொண்டு உலகெங்கும் 2,509 நூலகங்களுக்குப் பொருள் ஈந்தார். அவற்றுள் ஒன்று 1902இல் அட்லாண்டா நகரில் திறக்கப்பட்டது. கறுப்பின மக்களுக்கு அங்கே இடமில்லை. அறிஞர் டூ பாய்ஸ் தலைமையில் சென்ற குழு, பொதுப் பணத்தில் நடக்கும் நூலகம் மக்களில் மூன்றில் ஒரு பங்கினரை விலக்குவது முறையோ என்று வாதிட்டது, பயனில்லை. அடிமை முறை ஒழிந்து முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

1939 ஆகஸ்டு 21ஆம் நாள், தளபதி லீ இளமையில் வாழ்ந்த அலெக்சாந்திரியா நகரின் நூலகத்தில் கறுப்பின இளைஞர் ஐவர் உறுப்பினர் அட்டை கேட்டனர். மறுக்கப்பட்டது. ஒவ்வொருவரும் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெவ்வேறு மேசையில் அமர்ந்து மௌனமாகப் படிக்கத் தொடங்கினர். காவலர் வந்து கைது செய்தனர். இதைத் திட்டமிட்டவர் அந்நகரத்து வழக்கறிஞர் சாமுவேல் டக்கர். நகராட்சி, நூலகத்தைத் திறந்துவிடாமல், கறுப்பினத்தார்க்கெனத் தனியே ஒரு சிறு நூலகத்தைக் கட்டியது.

1961 மார்ச் 27ஆம் நாள் மிசிசிப்பி மாநிலத் தலைநகரான ஜாக்சனில், டூகலூ கல்லூரி மாணவர் ஒன்பதின்மர், தங்களுக்கு ஒதுக்கப்பட்ட கிளையில் கிடைக்காத நூல்களைத் தேடி நகரின் தலைமை நூலகத்துக்குச் சென்று அமர்ந்தனர், சிறை சென்றனர். மறுநாளே அந்நகரில், ஐக்கியத்திலிருந்து தம் மாநிலம் பிரிந்ததன் நூற்றாண்டு விழா ஊர்வலம் பேராரவாரத்தோடு நடந்தது. மாநில ஆளுநரே தென்னகப் படையின் பழைய சீருடை அணிந்து அதில் சென்றார். வரலாறு தெருவில் ஊர்வலம் போனது. அதைப் படிக்க வந்தவர்கள் காவலில் இருந்தனர்.

இதற்கிடையே ஒரு நற்பணியும் நிகழ்ந்தது. பொருளாதாரப் பெருமந்தத்தின்போது வேலையற்ற எழுத்தாளர்களுக்கென அரசு வகுத்த திட்டத்தின்கீழ், 1936 முதல் 1938 வரை, அடிமைகளாகப் பிறந்து அப்போது உயிரோடிருந்த முதியோரைத் தேடிச் சென்று அவர்கள் கூற்றைப் பதிவு செய்தனர். பதினேழு மாநிலங்களில் திரட்டிய 2,300க்கும் மேற்பட்ட வாழ்க்கைக் கூற்றுகள் வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தைச் சேர்ந்தன. கேட்டவருள் பெரும்பாலோர் வெள்ளையர்; ஆதலின் சொன்னவர் பலர் அஞ்சி அளந்து பேசினர் என்பதை ஆய்வாளர் சுட்டுவர். அக்குறை இருந்தும், அத்தொகுதி இல்லையேல் அடிமை முறையைப் பற்றி அதைச் சுமந்தவரே பேசும் சான்று மிகவும் சுருங்கியிருக்கும். போர் முடிந்து எழுபது ஆண்டுகள் கழித்து எடுத்த பணி அது. இன்னும் பத்தாண்டு தாழ்த்தியிருந்தால் கேட்பதற்கு ஆளில்லை.

நூற்றாண்டும் நூற்றைம்பதாம் ஆண்டும்

நூற்றாண்டு விழாவுக்கும் நூற்றைம்பதாம் ஆண்டு விழாவுக்கும் இடையே அமெரிக்கா கடந்த தொலைவை நூலக நிகழ்ச்சிகளே நன்கு காட்டும். 1961இல் தேசிய நூற்றாண்டுக் குழு சார்ல்ஸ்டனில் கூட ஏற்பாடாயிற்று. நியூ ஜெர்சி மாநிலத்தின் கறுப்பினப் பெண் பிரதிநிதிக்கு அங்குள்ள விடுதி இடம் தர மறுத்தது. குடியரசுத் தலைவர் கென்னடி தலையிட்ட பின் கூட்டம் கடற்படைத் தளத்துக்கு மாற்றப்பட்டது.

2011இல் போரின் நூற்றைம்பதாம் ஆண்டு தொடங்கியது. அப்போது மானிடக் கல்விக்கான தேசிய நிதியமும் அமெரிக்க நூலகச் சங்கமும் இணைந்து, அமெரிக்க உள்நாட்டுப் போரைப் புரிந்துகொள்ளும் வாசிப்பு உரையாடல்களுக்குப் பொது நூலகங்களைத் தேர்ந்தெடுத்தன. அதன் அமைப்பு எளியது. ஊர் மக்கள் சிலர் பெயர் கொடுக்கின்றனர். அனைவரும் ஒரே நூலை முன்கூட்டியே படித்து வருகின்றனர். வரலாற்றறிஞர் ஒருவர் உடனிருந்து உரையாடலை நெறிப்படுத்துகின்றார். இவ்வாறு ஐந்து அமர்வுகள். ஜெரால்டின் புரூக்ஸ் எழுதிய புதினம் ஒன்று. ஆண்டீட்டம் போரைப் பற்றி ஜேம்ஸ் மெக்ஃபர்சன் எழுதிய வரலாறு ஒன்று. கடிதங்கள், உரைகள், நினைவுக் குறிப்புகள் ஆகியவற்றை எட்வர்ட் ஏயர்ஸ் திரட்டித் தந்த தொகுதி ஒன்று: இவையே பாடம். படைத்தலைவரின் கூற்றும் அடிமையாயிருந்தவரின் கூற்றும் அத்தொகுதியில் அருகருகே அமைந்தன.

இம்முறையின் சிறப்பு யாதெனில், தீர்ப்பு வழங்கும் மேடையாக அது அமையவில்லை. வென்றவரின் பேரனும் தோற்றவரின் பேரனும் விடுதலை பெற்றவரின் பேத்தியும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரே பக்கத்தைப் படித்துப் பேச அது வழி செய்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இது தென்னக நகரங்கள் பலவற்றில் இயலாத செயல். சட்டமும் வழக்கமும் அந்த மேசையையே தடுத்திருந்தன. ஆகவே, அமெரிக்க நூலகங்கள் உள்நாட்டுப் போரின் வரலாற்றை உண்மையாகப் படிக்கத் தொடங்கியது, அவ்வரலாற்றுக்கு உரியோர் அனைவரையும் உள்ளே விட்ட பின்னரே.

யாழ்ப்பாணத்தின் பாடம்

இனிப் பாக்கு நீரிணையின் மறுகரைக்கு வருவோமாயின், அங்கே நூலகத்தின் கதை போரின் முதல் ஏடாகவே அமைந்துவிட்டது. 1933இல் கே.எம். செல்லப்பா தம் இல்லத்தில் தொடங்கிய சிறு வாசகசாலையே யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வித்து. நூலகவியல் அறிஞர் சீ.இரா. அரங்கநாதனின் ஆலோசனையும் சென்னைக் கட்டடக் கலைஞர் வி.எம். நரசிம்மனின் வரைபடமும் துணை நிற்க எழுந்த அதன் மாளிகை 1959 அக்டோபர் 11ஆம் நாள் திறக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் தொடங்கிய வெறியாட்டத்தில், தேர்தல் பணிக்கென நகருக்குக் கொண்டுவரப்பட்டிருந்த காவல் படையினரும் அவர்களோடு சேர்ந்தோரும் வைத்த தீயில் அது எரிந்தது. நூல்களும் ஓலைச்சுவடிகளுமாக ஏறத்தாழ 97,000 சாம்பலாயின.

ஈராண்டு கழித்து, 1983 ஜூலையில் மூண்ட போர் 2009 மே மாதத்தில்தான் முடிந்தது. அதற்கு முன்னரே நூலகம் சீரமைக்கப்பட்டது. எரிந்த சுவர்களை அப்படியே நினைவுச் சின்னமாக விட்டுவைக்க வேண்டும் என்றோரும், வெண்மை பூசிப் புதுக்கிப் படிப்புக்குத் தர வேண்டும் என்றோரும் வாதிட்டனர். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. புதுக்கப்பட்ட கட்டடம் மாணவர்க்குப் பயன்படுகின்றது. எரிந்த கட்டடம் மனத்தில் மட்டுமே நிற்கின்றது. போனவற்றுள் மீட்கக் கூடியதை மீட்கவும், இருப்பதைக் காக்கவும் 2005 முதல் நூலக நிறுவனம் ஈழத்துத் தமிழ் ஏடுகளை எண்ணிம வடிவில் சேர்த்துவருகின்றது. ஒரு கட்டடத்தோடு ஒரு மக்களின் எழுத்தனைத்தும் எரிந்துபோகலாகாது என்னும் பாடத்திலிருந்து பிறந்த முயற்சி இது.

சேதுக்கரையின் பணி

போரின் மற்றோர் ஆவணம் இக்கரையிலேயே இருக்கின்றது. அது எழுதப்படாத ஆவணம். 1983க்குப் பின் படகேறி வந்தோர் தனுஷ்கோடி மணல்திட்டிலும் இராமேசுவரக் கரையிலும் இறங்கி, மண்டபம் முகாமில் பதிவாயினர். இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழரைத் தடுத்து வைத்து நோய்ச் சோதனை செய்வதற்கென ஆங்கிலேயர் ஆட்சியில் அமைந்த இடம் அது. ஒரு நூற்றாண்டின் தொடக்கத்தில் போவோரைப் பதிந்த வாயில், அதன் இறுதியில் வருவோரைப் பதிந்தது. பதிவேட்டில் பெயரும் வயதும் உண்டு. எந்தக் கரையில் ஏறினர், எதை எடுத்துவந்தனர், எதை விட்டுவந்தனர், இறங்கியதும் முதற்கஞ்சி ஊற்றியவர் யார் என்பவை பதிவேட்டுக்கு வெளியே உள்ளன.

இவற்றைத் திரட்டத்தக்க அமைப்பு தமிழகத்தில் இல்லாமல் இல்லை. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணமே, ஆண்டு 1948. அவினாசிலிங்கம் கல்வி அமைச்சராயிருந்து நிறைவேற்றிய அச்சட்டத்தின் பின்னே அரங்கநாதனின் பல்லாண்டு உழைப்பு இருந்தது. வீட்டு வரியோடு நூலக வரி செலுத்தும் குடிமகன் ஒவ்வொருவனும் இதன் உரிமையாளன். மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம் எனக் கிளைத்த அமைப்பும், ஊர்தோறும் வாசகர் வட்டமும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன.

அமெரிக்க நூலகங்கள் காட்டிய நெறியை இங்கே கைக்கொள்ளப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு மேசை, ஒரு நூல், பதினைந்து வாசகர், நடுநிலை பிறழாத ஓர் ஆசிரியர் போதும். முதல் அமர்வில் அமெரிக்கப் போரையும் கரிசல் பருத்தியையும் சேர்த்துப் படிக்கலாம். நெடுந்தொலைவிலுள்ள போரைப் பற்றிப் பேசிப் பழகிய நாவுக்கு அண்மையிலுள்ள போரைப் பற்றிப் பேசும் பக்குவம் கைகூடும். அடுத்த அமர்வில் 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததைக் கண்டவரை அழைக்கலாம். பின்னர், முகாமில் வாழ்வோரையும் கரையில் அவர்களை ஏற்ற மீனவரையும் ஒருங்கே அமர்த்தலாம். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தலாகாது. பெயர் வேண்டாம் என்பவரின் பெயரைக் காத்தல் வேண்டும். அஞ்சியவர் அளந்தே பேசுவர் என்பது 1930களின் அமெரிக்க முயற்சி விட்டுச் சென்ற எச்சரிக்கையாகும்.

இதற்குக் காலம் மிகுதியில்லை. 1983இல் இருபது வயதில் கரையேறியவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். 1964இல் பத்து வயதுச் சிறுவனாகப் புயலைக் கண்டவர் எழுபதைக் கடந்துவிட்டார். 1864இன் தறிக்காரர் தம் பசியைப் பற்றிச் சொன்ன சொல் எந்த நூலகத்திலும் இடம் பெறாமல் போனது. அதைக் கேட்டு எழுதுவார் அன்று இல்லை. இன்று கேட்பாரும் உளர். சட்டம் தந்த நூலகமும் உண்டு. யாத்திரை வந்தோர்க்கு மடம் கட்டித் தங்க இடமளித்த இக்கரை, அகதியாய் வந்தோரின் சொல்லுக்கும் தன் நூலக அலமாரியில் ஓர் இடம் அளித்தல் வேண்டும்.